பக்கத்து சீட்டுக்குப் பெற்றோர் திரும்பி வந்த கதை

நான் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் 16 வயது முடிந்த பிள்ளை கார் ஓட்டிப் பழக பர்மிட் வாங்கலாம். வாங்கியபின் குறைந்தது 6 மாதம் பொறுக்க வேண்டும். அந்த 6 மாதத்துக்குள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 65 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். 5 மணி நேரம் மோசமான வானிலையில், அதாவது மழையிலோ பனியிலோ. எல்லாம் முடிந்ததும் "ஆமாம், ஓட்டியாச்சு" என்று அப்பாவோ அம்மாவோ ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். கூட வந்து யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

என் மகளுக்கு இந்த வருஷம் 16 ஆகிறது. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த கேள்வி ரொம்ப எளிமையானது. எதற்கெடுத்தாலும் சான்றிதழ் கேட்கும் ஒரு அரசாங்கம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் என்னை வாத்தியாராக நியமிக்கிறது? அதுவும் எதற்கு மழையில் ஓட்டச் சொல்கிறது? இதைத் தேடிப் போனதில், ஒரு நூற்றாண்டுக்கு நீளும் கதை கிடைத்தது. பெற்றோர் கையில் இருந்த வேலை பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கே தோற்று, மறுபடி பெற்றோர் மடியில் வந்து விழுந்த கதை. என் குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதலில் சொல்லிக்கொடுக்க யாருமே இல்லை. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908-இல் வந்தபோது அதை வாங்கியவர்களில் பலர் அதுவரை குதிரையை மட்டும் ஓட்டியவர்கள். அந்த வண்டியில் காலடியில் மூன்று பெடல்கள் இருக்கும், ஆனால் நமக்குத் தெரிந்த மூன்று அல்ல. இடது பெடலை அமுக்கினால் முதல் கியர், விட்டால் மேல் கியர். நடுவில் இருப்பது ரிவர்ஸ். வலது ஓரம்தான் பிரேக். வேகத்தைக் கூட்டக் குறைக்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி. இன்றைக்கு இருபது வருஷ அனுபவம் உள்ள ஒருவரை அதில் உட்கார வைத்தாலும் தெருமுனை தாண்டுவது சந்தேகம். வண்டியை விற்றவர் கொஞ்ச நேரம் காட்டிக்கொடுப்பார், மீதியை வயல்வெளியில் தட்டுத்தடுமாறிப் பழக வேண்டியதுதான். பண்ணை வீடுகளில் அப்பாவும் பையனும் ஒரே வாரத்தில் பழகினார்கள்.

லைசென்ஸ் என்பது அப்போது ஒரு ரசீது மாதிரி. மாசசூசெட்ஸ், மிசௌரி இரண்டும் 1903-லேயே லைசென்ஸ் கேட்டன, ஆனால் ஓட்டத் தெரியுமா என்று கேட்கவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்ன முதல் மாநிலம் ரோட் ஐலண்ட், 1908-இல். கடைசியாக வந்த தெற்கு டகோட்டா 1954-இல்தான் லைசென்ஸையே கொண்டுவந்தது. தேர்வு வைக்க இன்னும் ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டது.

ஒரு சின்ன இடைச்செருகல். இங்கே குடியேறிய நம்ம ஆட்களில் பலருடைய நிலை கிட்டத்தட்ட அந்த மாடல் டி அப்பாக்களின் நிலைதான். 26, 27 வயதில் இங்கே வந்து, கார் இல்லாமல் பால் கூட வாங்க முடியாது என்று தெரிந்து, ரூம்மேட்டின் பழைய காரில் ஏதோ ஒரு கடையின் பார்க்கிங் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழகியவர்கள் நாங்கள். 16 வயதில் கார் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நினைவும் கிடையாது, ஏனென்றால் அப்பாவிடம் இருந்தது சைக்கிள். பிள்ளைக்கு எதைப் பார்த்து எதைச் சொல்லித் தருவது?

சரி, கதைக்கு வருவோம். 1930களின் நடுவில் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் இதே பென்சில்வேனியாவில், ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் (ஊர் பேரே அதுதான்), ஏமஸ் நேஹார்ட் என்ற பொறியியல் பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். 1934 வாக்கில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தன் சொந்தக் காரை வைத்து வண்டி ஓட்டப் பாடம் நடத்தினார். அமெரிக்கப் பள்ளிகளில் ஓட்டுநர் கல்வி அங்கிருந்து தொடங்கியது என்பார்கள். பிறகு அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் நாடு முழுக்கப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அது அசுர வேகத்தில் பரவியது. கார் விற்பவர்கள் பள்ளிக்கு வண்டி கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் படித்த பிள்ளைகளுக்குத் தள்ளுபடி கொடுத்தன. வகுப்பில் 30 மணி, ரோட்டில் 6 மணி என்பது ஒரு வாய்ப்பாடு போலவே ஆகிவிட்டது. 1966-இல் மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் மாநிலங்களின் கடமைகளில் ஓட்டுநர் கல்வியையும் சேர்த்தது. இந்தக் காலகட்டத்தில் பெற்றோருக்கு என்ன மரியாதை என்றால், ஒன்றும் இல்லை. நிபுணர் பார்வையில் அப்பா என்பவர் தன் கெட்ட பழக்கங்களைப் பிள்ளைக்குக் கடத்துகிறவர். அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, முறையாகப் படித்த ஆசிரியரிடம் பிள்ளையை விட வேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. நீச்சலோ கணக்கோ அப்படித்தானே கற்கிறோம்?

யாரும் நாற்பது வருஷமாக ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சோதித்தது 1970களின் பிற்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுன்டியில். ஏறக்குறைய 16,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றைக்கு அமெரிக்காவில் கிடைத்ததிலேயே சிறந்த பயிற்சி: வகுப்பு, சிமுலேட்டர், தனி மைதானம், ரோடு என்று சுமார் 70 மணி நேரம். இரண்டாவது குழுவுக்கு லைசென்ஸ் வாங்கப் போதுமான அளவு சுருக்கமான பயிற்சி. மூன்றாவது குழுவுக்குப் பள்ளியில் எதுவும் கிடையாது, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

லைசென்ஸ் வாங்கிய முதல் சில மாதங்களில் மட்டும் பயிற்சி பெற்றவர்களிடம் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு அதுவும் கரைந்துபோனது. சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதே தரவுகளை எடுத்து 1986-இல் மறுபடி கணக்குப் போட்டார்கள். விஷயம் இன்னும் மோசம். நல்ல பயிற்சி பெற்ற குழு வீட்டில் விடப்பட்ட குழுவைவிட சீக்கிரமாக லைசென்ஸ் வாங்கியிருந்தது. சீக்கிரம் வாங்கியதால் சீக்கிரம் ரோட்டுக்கு வந்து, மொத்தத்தில் கூடுதலாகவே மோதியிருந்தது.

இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் நிறுத்தி யோசித்தேன். பாடம் மோசம் என்று அர்த்தம் இல்லை. பாடம் பிள்ளைகளை 16 வயதில் ரோட்டில் இறக்கிவிட்டது. அந்த 16 வயதுதான் ஆபத்து.

கனெக்டிகட்டில் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 1976-இல் பள்ளி ஓட்டுநர் வகுப்புக்கான மாநில நிதியை நிறுத்தினார்கள். சில ஊர்கள் சொந்தக் காசில் வகுப்பைத் தொடர்ந்தன, சில ஊர்கள் கைவிட்டன. கைவிட்ட ஊர்களில் பெற்றோர் தாங்களே சொல்லிக்கொடுத்திருக்கலாம், தனியாரிடம் காசு கொடுத்து அனுப்பியிருக்கலாம். பெரும்பாலோர் இரண்டையும் செய்யவில்லை. வகுப்பு இருந்திருந்தால் 16, 17-இல் லைசென்ஸ் வாங்கியிருக்கக்கூடிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் 18 வரை காத்திருந்தார்கள். அந்த வயதினரின் விபத்துகளும் குறைந்தன. இதை ஆராய்ந்த லியான் ராபர்ட்சன் 1980-இல் முடிவுகளை வெளியிட்டபோது ஓட்டுநர் கல்விக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த பட்ரீசியா வாலர் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்திலேயே சொன்னார்: தேறினால் முழு உரிமை, தேறாவிட்டால் ஒன்றும் இல்லை என்ற முறையே கோளாறு. ஓட்டக் கற்பது நாள்பட நடக்கிற காரியம். முதலில் பெரியவர் துணையோடு மட்டும். பிறகு தனியாக, ஆனால் பகலில், கூட்டாளிகள் இல்லாமல். கடைசியில் முழு லைசென்ஸ். படிப்படியான உரிமம் என்று இதைச் சொல்லலாம்.

அமெரிக்காவில் இது மெதுவாகவே நகர்ந்தது. முழுசாக முதலில் செய்தது நியூசிலாந்து, 1987-இல். அங்கே இரண்டாம் கட்டத்தில் இருப்பவர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது, பெரியவர் துணையின்றி யாரையும் ஏற்றக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ 1994-இல் பின்தொடர்ந்தது. மூன்று கட்டத்தையும் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் ஃபுளோரிடா, 1996-இல். அதன்பிறகு மடமடவென்று மற்ற மாநிலங்களும். அமெரிக்காவில் 1975-இல் சாலை விபத்துகளில் இறந்த 13 முதல் 19 வயதுப் பிள்ளைகள் சுமார் 8,700 பேர். 2010களின் பிற்பகுதியில் அது ஆண்டுக்கு 3,000-க்கும் கீழே வந்திருந்தது. சீட் பெல்ட், ஏர்பேக், குடிக்க 21 வயது என்ற சட்டம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. மொத்தப் பெருமையையும் படிப்படியான உரிமத்துக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் இந்தச் சட்டத்தின் உள்ளே ஒரு தந்திரம் இருக்கிறது. இரவு 11 மணிக்கு ஒரு கார் போகிறது. ஓட்டுகிறவருக்கு 17 வயதா 19 வயதா என்று போலீஸுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்த ஒரே ஆள், வீட்டில் சாவி தொங்கும் ஆணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர். சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியும். முதல் கட்டத்தில் மணிக்கணக்கைப் போட்டுத் தருவது பெற்றோர், இரண்டாம் கட்டத்தில் காவல் இருப்பதும் பெற்றோர். என் கையில் இருக்கும் தாளின் வரலாறு இதுதான்.

அந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது? ஸ்வீடன் நல்ல சான்று. அங்கே லைசென்ஸ் வயது 18. 1993-இல் அதை மாற்றாமல், பழகத் தொடங்கும் வயதை மட்டும் பதினேழரையிலிருந்து 16 ஆக்கினார்கள். இந்த வாய்ப்பைப் பயன்படுத்திய பிள்ளைகள் லைசென்ஸுக்கு முன் சராசரியாகச் சுமார் 120 மணி நேரம் ஓட்டினார்கள். பழைய முறையில் அது 50-ஐக்கூடத் தொடவில்லை. பிறகு தனியாக ஓட்டியபோது அவர்களுடைய விபத்து அபாயம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. டிகால்பில் நடந்ததற்கு நேர் எதிர். இங்கே பழக்கம் கூடியது, ஆனால் தனியாக ரோட்டுக்கு வரும் வயது ஒரு நாள்கூட முன்னால் வரவில்லை.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால், அங்கேதான் என்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். வட கரோலினாவில் ஐம்பது குடும்பங்கள் அளவில் கார்களுக்குள் கேமரா வைத்து, பிள்ளை பழகும்போது பெற்றோர் என்ன பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். பெரும்பாலும் "இங்கே திரும்பு", "மெதுவா", "பிரேக் போடு" வகைதான். வண்டியைக் கையாள்வது, வழி சொல்வது. அந்தப் பார்க்கிங் இடத்திலிருந்து ஒரு கார் பின்னால் வரப்போகிறது பார், அந்த பஸ்ஸுக்கு முன்னால் யாராவது ரோட்டைக் கடக்கலாம் என்று, நடக்கப்போவதை முன்கூட்டிப் படிக்கச் சொல்லித் தருவது மிகக் குறைவு. ஓட்டிய இடமும் நேரமும் அப்படியே: தெரிந்த ரோடு, நல்ல வெயில், மளிகைக் கடைக்குப் போகும் வழி. மழையிலும் ராத்திரியிலும் நெடுஞ்சாலையிலும் சாவியை அப்பாவே வாங்கிக்கொள்கிறார். பிள்ளை தனியாகப் போகும் முதல் மழை நாளில்தான் மழையில் ஓட்டிப் பழகுகிறது. 65 மணியில் 5 மணி மோசமான வானிலை என்பது யாரோ கிறுக்குத்தனமாக எழுதியது என்று நினைத்திருந்தேன். அந்தத் தாளில் உள்ளதிலேயே உருப்படியான வரி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நம்ம வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்து சீட்டில் இருந்து கத்துவது. கத்தினால் பிள்ளை ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம்ம முகத்தைப் பார்க்கிறது. நான் அறிந்த ஒரு தம்பதி "அப்பாவோட பகல், அம்மாவோட ராத்திரி" என்று பிரித்துக்கொண்டார்கள், காரணம் அம்மாவுக்கு நிதானம் அதிகம். அமெரிக்க ஆய்வாளர்கள் யாரும் சொல்லாத நல்ல ஏற்பாடு.

இத்தனைக்கும் பெற்றோர் கூட இருக்கும் அந்த மாதங்களில் விபத்து மிகவும் குறைவு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் புது ஓட்டுநர்களை மாதம் மாதமாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் விபத்து உச்சத்தில் இருக்கிறது, அடுத்த ஆறு மாதத்தில் சரசரவென்று இறங்குகிறது. வயது ஆறு மாதத்தில் அவ்வளவு கூடிவிடாது. அனுபவம்தான் கூடுகிறது. அதாவது, லைசென்ஸ் வந்ததும் இனிப்பு வாங்கிவிட்டு "இனி நம்ம வேலை முடிந்தது" என்று பெருமூச்சு விடும் அந்த வாரம்தான் ஆபத்தின் உச்சி.

கூட்டாளிகளும் அந்தச் சமயத்தில்தான் ஏறுகிறார்கள். 2000-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு, 16, 17 வயதுப் பிள்ளை ஓட்டும்போது காரில் கூட இருப்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடக்கூட ஓட்டுகிறவர் சாகும் அபாயமும் படிப்படியாக ஏறுகிறது என்று காட்டியது. பென்சில்வேனியாவில் முதல் 6 மாதம் குடும்பத்துக்கு வெளியே 18 வயதுக்குக் கீழே ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பதன் பின்னணி இது.

இன்னொரு கண்டுபிடிப்பு நம்ம ஆட்களை நேராகக் குத்தும். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் நாடு முழுக்க 5,500-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் கேட்டு 2009-இல் வெளியிட்டார்கள். தனக்கென்று ஒரு கார் வைத்திருக்கும் பிள்ளைக்கு, வீட்டுக் காரைப் பங்கு போட்டு ஓட்டும் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் விபத்து. அப்பாவின் பழைய டொயோட்டாவைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அப்பா டெஸ்லா வாங்குவது இங்கே நம்மிடையே ஒரு சடங்கு. சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் "எங்கே போறே, யாரோட போறே" என்ற இரண்டு கேள்வியாவது வரும். தனிக் கார் வந்தால் அந்தக் கேள்விகள் நின்றுவிடும். அதே குழு, பெற்றோர் கண்டிப்பாகவும் அதே சமயம் காது கொடுத்துக் கேட்பவர்களாகவும் இருக்கிறார்கள் என்று சொன்ன பிள்ளைகளுக்கு, கண்டுகொள்ளாத வீட்டுப் பிள்ளைகளைவிட விபத்து பாதிதான் என்றும் கண்டது. பிள்ளைகளே சொன்ன பதில்கள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் புரூஸ் சைமன்ஸ்-மார்ட்டன் குழு இதையே ஒரு ஒப்பந்தத் தாளாக மாற்றியது: எந்த நேரம், எந்த ரோடு, எத்தனை பேர் என்று எழுதி, மாதங்கள் போகப்போக இருவரும் உட்கார்ந்து தளர்த்துவது. அந்தத் தாளைப் பயன்படுத்திய வீடுகளில் கட்டுப்பாடு உண்மையிலேயே கூடுதலாக இருந்தது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. 2011-இல் வந்த ஒரு ஆய்வு, படிப்படியான உரிமம் வலுவாக உள்ள மாநிலங்களில் 16 வயது ஓட்டுநர்களின் உயிரிழப்பு விபத்து கால்பங்கு குறைவு, ஆனால் 18 வயதினருக்குக் கொஞ்சம் அதிகம் என்றது. காரணம் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. ஒரு விளக்கம், பிள்ளைகள் விதிகளைத் தவிர்க்க 18 வரை காத்திருந்து, பழகாமலே நேராக வருகிறார்கள் என்பது. பென்சில்வேனியாவில் 18 ஆனவருக்கு 65 மணி நேரமும் கிடையாது, 6 மாதமும் கிடையாது. நியூ ஜெர்சி கட்டுப்பாடுகளை 21 வயது வரை நீட்டியிருக்கிறது. என் மகள் இந்த ஓட்டையை என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாள்.

ஊரில் நிலைமை வேறு. எல்.எல்.ஆர் எடுத்து 30 நாள் கழிந்தால் லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். எட்டுப் போட்டுக் காட்டினால் இரு சக்கர லைசென்ஸ் கைக்கு வந்துவிடும், எத்தனை மணி நேரம் பழகினாய் என்று யாரும் கேட்பதில்லை. பெற்றோர் சட்டத்துக்குள் வருவது வேறு வாசல் வழியாக. 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி 18 நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

திருநெல்வேலியில் இருக்கும் என் அண்ணனின் பையனுக்கு 17. 110 சிசி ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போய் வருகிறான். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது கியர் இல்லாத, 50 சிசிக்கு உட்பட்ட வண்டி மட்டும். இந்தப் பிரிவைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பி, "பதினெட்டு ஆகட்டும்ணே, எல்.எல்.ஆர் எடுத்துட்டு ஒரு வருஷம் நீங்களும் கூடப் போங்க"ன்னு சொன்னேன்.

"எல்லாப் பசங்களும் ஓட்டுறானுவடே," என்றார். "டியூஷன் முடிய எட்டரை ஆயிருது. அதுக்கப்புறம் எங்க தெருவுக்கு பஸ் இல்லை. அதுக்கு என்ன பண்ணச் சொல்லுத?"